கடைசி ஆள் கைகழுவும்வரை

உப்பு வைத்தாயிற்று. வைத்த பெண் அடுத்த இலைக்குக் குனிவதற்குள் என் வலது கை இலைமேல் போய்த் தயாராக நின்றுவிட்டது. எடு கையை, மருதி. சோறே இன்னும் பந்தலுக்குள் வரவில்லை. அந்தக் கோடியில் மாப்பிள்ளையின் ஆட்கள் காலை நீட்டி, மடக்கி, சிரித்துப் பேசிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள், சாயங்காலம்வரை வேறு வேலையே இல்லாதவர்கள் போல. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்கு இது ஒரு வேலையா என்று கேட்டால், ஆமாம், வேலைதான், ஒரு மாதமாக வீட்டில் ஒத்திகை நடந்த வேலை. மாப்பிள்ளையின் ஊரான இந்தச் சாமைக்காட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கடைசி ஆள் கைகழுவும்வரை யாரும் எழக்கூடாது. எழுந்தால் உறவு வேண்டாம் என்று பொருள். சாப்பாடு முடிந்ததும் ரஞ்சிதாவின் கல்யாணத்துக்குத் தேதி சொல்வார்கள். முடியும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்தால் சொல்வார்கள். என் வலது பக்கம் அப்பா. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தவுடனே, அவருக்குத் தெரியாமல் அவருடைய வேட்டி நுனியை என் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எழுந்தால் வேட்டி வராது. அவமானம்தான், ஆனால் சம்பந்தம் முறிவதைவிட அது சின்ன அவமானம். எதிர் வரிசையில் ரஞ்சிதா பச்சைப் புடவையில் என்னையே பார்க்கிறாள். கண்ணாலேயே சொல்கிறாள், அம்மா, கை.

போன ஐப்பசியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பேச்சு முடிக்க வந்திருந்தோம், இதே பந்தல், இதே வரிசை. எல்லாம் நல்லபடி பேசி, வெற்றிலை மாற்றி, சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் ஏழு பேர். அவர்கள் பக்கம் முதல் கவளத்தை உருட்டிக்கொண்டு யாருடைய மாட்டுக்குக் கன்று பிறந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. நல்ல பசி, குனிந்தேன், நிமிர்ந்தேன், இலை காலி. நிமிர்ந்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்து என் தம்பி, தம்பியைப் பார்த்து நான். ஏழு பேரும் ஒரே வரிசையில் எழுந்து, இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையின் அத்தை வெள்ளியம்மா, அம்மா இல்லாத பையனை வளர்த்தவர், வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் எங்களையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எங்க சோறு புடிக்கலன்னா வாயில சொல்லியிருக்கலாம். எலைய மடிச்சுத்தான் சொல்லணுமா?" நான் ஏதோ உளறினேன், வயிறு சரியில்லை என்று. ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லாமல் போகுமா என்று யாரும் கேட்கவில்லை, அதுவே அவர்கள் பெருந்தன்மை. ஜீப்பில் திரும்பும்போது ரஞ்சிதா எங்கள் யார் பக்கமும் திரும்பவில்லை. ஆறு மாதம் தேதி பேச்சே எழவில்லை. அந்தப் பையன்தான் விடாமல் அத்தையின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து இன்றைக்கு மறுபடி கூப்பிட வைத்திருக்கிறான். நல்ல பையன். மெதுவாகச் சாப்பிடுகிற பையன்.

சோறு வந்துவிட்டது. பலாக்காய்ப் பொரியல், அவரைக்கொட்டைக் குழம்பு. வாசனை வருகிறது என்று நினைக்கிறேன், ஆனால் என் மூளை வாசனையைப் பார்க்கவில்லை, இலையில் எத்தனை கவளம் என்று பார்க்கிறது. பதினொன்று. பதினொரு கவளத்துக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ரஞ்சிதா போனில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கோத்தகிரியில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற பெண், எதையும் அளந்துதான் பார்ப்பாள். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அப்பாவுக்கு மூன்று நிமிடம். "தாத்தா உன்னைவிட வயசானவரும்மா, அவருகிட்டக்கூட நீ தோத்துட்ட," என்று சிரித்தாள். அவளும் இப்படித்தான் இருந்தாள். படிக்கப் போன இடத்தில் தோழிகள், ஏண்டி உனக்கு ரயிலுக்கு நேரமாச்சா என்று கேலி செய்தபிறகுதான் ஒவ்வொரு கவளத்தையும் இருபது முறை மெல்லப் பழகினாளாம். ஒரு மாதமாக எங்களையும் தினம் ராத்திரி உட்கார வைத்து அதையே பழக்கினாள். அலாரம் அடிக்கும்வரை எழக்கூடாது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கால் தானாக ஆடும். அப்பா காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. ஒருநாள்கூட அலாரம்வரை தாக்குப்பிடிக்கவில்லை. "மாத்திரை போடணும்" என்பார், "ஆட்டைக் கட்டணும்" என்பார். எங்களிடம் ஆடு கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, மெல்லு மருதி, நான்கு, இடது பக்கத்து இலையிலிருந்து வெள்ளியம்மா என்னைத்தான் பார்க்கிறார், ஐந்து, விழுங்காதே. விழுங்கிவிட்டேன். பரவாயில்லை, இன்னும் பத்து இருக்கிறது.

அம்மா பாவம். கல்யாணமாகி வந்த புதிதில், தன் சமையல் பிடிக்காமல்தான் இந்த மனிதர் அவக் அவக்கென்று விழுங்கிவிட்டு எழுந்து ஓடுகிறார் என்று ஒரு வருஷம் அழுதாளாம். புளியை மாற்றிப் பார்த்தாள், மிளகை மாற்றிப் பார்த்தாள், கீரைக்காக இரண்டு ஓடை தாண்டிப் போய்வந்தாள். ஒன்றுக்கும் ஒரு வார்த்தை கிடையாது. நல்லா இருக்கு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சாப்பிடும்போது அப்பா பேசவே மாட்டார். நாங்கள் பேசினால் இடது கையை லேசாகத் தூக்குவார், அவ்வளவுதான், அடித்ததில்லை, அந்தக் கை தூக்கலுக்கே எங்களுக்கு வாய் மூடிவிடும். அம்மா போய் ஒன்பது வருஷம். தன் ரசம் எப்படி இருந்தது என்று தெரியாமலே போனாள். ஆறு, ஏழு, எட்டு. நான் மட்டும் என்ன யோக்கியம்? ரஞ்சிதாவுக்கு மூன்று வயது. பருப்புச் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எடுத்து எறும்புக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பதற்றம் வந்ததோ தெரியாது, யாரோ வந்துவிடப் போகிறார்கள், வந்து தட்டைப் பிடுங்கிவிடப் போகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கையில் கரண்டி இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று கத்திக்கொண்டே கரண்டியால் அவள் புறங்கையில் போட்டுவிட்டேன். குழந்தை அழக்கூட இல்லை. நான்கே வாயில் தட்டைக் காலி செய்துவிட்டு என்னைப் பார்த்தது, போதுமா என்று கேட்கிற மாதிரி. அதை நினைக்காத நாளே இல்லை. யார் வரப் போகிறார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. யாருமே வரவில்லை. அப்படியும் பயந்தேன். எதிர் வரிசையில் அவள் நிதானமாக ஒரு பலாக்காய்த் துண்டைக் கிள்ளி வாயில் வைக்கிறாள். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது. இந்தப் பிள்ளைக்காக எத்தனை மணி நேரமும் உட்காரலாம். அப்படித்தான் நினைத்தேன், நினைத்து முடிப்பதற்குள் என் இலையில் இரண்டு கவளம்தான் மிச்சம்.

யார் வரப் போகிறார்கள் என்று போன மாதம்தான் தெரிந்தது. கீழே சமவெளிப் பக்கம் அப்பா படித்த உண்டு உறைவிடப் பள்ளியை மூடிப் பல வருஷமாகிவிட்டது, ஆனால் கட்டிடம் நிற்கிறது. பழைய பிள்ளைகள் எல்லாம் ஒருநாள் அங்கே கூடலாம் என்று ஒரு சங்கத்தார் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா வரமாட்டேன் என்றார். ரஞ்சிதாதான் விடாப்பிடியாக அழைத்துப் போனாள், துணைக்கு நான். நாற்பது பேர் இருக்கும், எல்லாம் நரைத்த தலை, பல மலைகளிலிருந்து வந்தவர்கள். அதே பழைய சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். குழம்பு வாளியோடு சங்கத்துப் பெண் இரண்டாவது வரிசையில் பாதிகூடத் தாண்டவில்லை, முன்வரிசை முழுக்க எழுந்துவிட்டது. இலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, உயர வரிசைப்படி நின்றுவிட்டார்கள். எழுபது வயதில் உயர வரிசை! நின்ற பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லி அக்கா என்று ஒரு குள்ளமான அம்மா, வரிசையில் முதல் ஆள், திரும்பி அப்பாவைப் பார்த்து, "ஏண்டா மசணா, இன்னும் விசிலே ஊதலயேடா" என்றார். அவ்வளவுதான். நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் ஓட்டுக்குள்ளிருந்த புறா எல்லாம் பறந்தது. அப்பா வாய் திறந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை, கடைவாய்ப்பல் இரண்டு இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. விசிலைப் பற்றிச் செல்லி அக்காதான் சொன்னார். முதல் விசிலுக்கு உட்கார வேண்டும், இரண்டாவதுக்குச் சாப்பிட வேண்டும், மூன்றாவதுக்கு எழ வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வார்டன் ஒரு சிகரெட் பிடிப்பார். தட்டில் மிச்சமிருந்தால் பிடுங்கி வாளியில் கொட்டுவார்கள். பேசினால் முட்டியில் அடி. அதுவும் எங்கள் மலைப் பேச்சில் பேசினால், வெளியே வெயிலில் முட்டி போட வேண்டும். அங்கே சேர்ந்தபோது அப்பாவுக்கு ஏழு வயது. கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் ஏன் ஒன்றாக வந்தது என்று புரியவில்லை. தன் பிள்ளைகளில் ஒன்றைக்கூட அந்த மாதிரி இடத்துக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றவர். நாங்கள் ஹாஸ்டலுக்குப் போகவே இல்லை. அது தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போ இது எங்கள் கெட்ட குணம் இல்லை, யாரோ ஒருத்தர் சிகரெட் பிடித்த நேரம். இதைத் தெரிந்துகொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பே லேசாக இருந்தது. சரி, தெரிந்துவிட்டது, இனிமேல் மெதுவாகச் சாப்பிடுவேன் என்று நினைத்தேன். அன்று ராத்திரி சாப்பாடு மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. பத்து விநாடி முன்னேற்றம் என்று ரஞ்சிதா கைதட்டினாள்.

ஐயோ, அப்பா இலை காலி. எதையெதையோ நினைத்துக்கொண்டே கவனிக்காமல் விட்டுவிட்டேன். பருக்கை இல்லை, கறிவேப்பிலைகூட இல்லை. இடது கையைத் தரையில் ஊன்றிவிட்டார். வேட்டி இழுபடுகிறது, முழங்காலை அழுத்தினேன். வரிசையில் பாதிப் பேர் இன்னும் குழம்புச் சோற்றிலேயே இருக்கிறார்கள். என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன். மிச்சம் வைக்க அவரால் முடியாது, அது எனக்குத் தெரியும். நொறுக்கென்று இரண்டு கடி, தீர்ந்தது. "இங்க சோறு போடும்மா!" என்று கத்தினேன், கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது, நான்கு பேர் திரும்பினார்கள். ஒரு கரண்டி சோறு விழுந்தது. அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். குனிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் பாதியாகிவிட்டது. நான் எவ்வளவு போட்டாலும் இவர் அவ்வளவையும் முடிப்பார், இப்படியே போனால் தேதி வாங்குவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டிவரும். வெள்ளியம்மா எட்டிப் பார்க்கிறார். ரஞ்சிதா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். என் கால் ஆடத் தொடங்கிவிட்டது. வார்டன் செத்து எத்தனை காலமாச்சோ, இந்தச் சாமைக்காட்டு மேட்டில், பட்டப்பகலில், அந்த மனிதர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதிப்பது எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது. விசில் வாய்க்குப் போகிறது. எழுந்துவிடு, எழுந்துவிடு என்று முதுகெலும்பு சொல்கிறது. மாட்டேன். நானும் மசணன் பெண்ணுதான், எனக்கும் பிடிவாதம் உண்டு.

அப்போதுதான் அப்பாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரங்கன், மாப்பிள்ளையின் பெரியப்பா, ஊரில் யார் என்ன சொன்னாலும் அதற்குமேல் ஒன்று சொல்லாமல் விடாத மனிதர், பலாக்காயை மென்றுகொண்டே ஆரம்பித்தார். "இதாச்சும் காயிலயே பறிச்சதால கெடச்சுது மாமா. போன வருசம் ஒரு பழம் விடல, எல்லாம் கரடி தின்னுட்டுப் போயிருச்சு. ஆனா பாருங்க, பக்கத்துலயே சோத்துப் பானை இருந்துச்சு, தொடல. கரடி சோறு திங்காது." அப்பாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. தப்பான விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது, அது அவருடைய இன்னொரு வியாதி. வாயில் சோறு, கையில் சோறு. "யாரு சொன்னா?" என்றார். சாப்பிடும்போது என் அப்பா பேசினார். எங்கள் பேச்சில் பேசினார். "நா அம்பது வருசமா மலையில இருக்கேன் மாமா, சொல்றேன், திங்காது," என்றார் ரங்கன். "நான் பாத்திருக்கேன்," என்றார் அப்பா. "ஏழாங்கிளாஸ் படிக்கையில. ஹாஸ்டல்ல மத்தியானச் சாப்பாடு. ரெண்டாம் விசில் ஊதி அப்பத்தான் வாய் வெச்சோம். சமையக்கட்டுப் பக்கமிருந்து வந்துச்சு பாரு, இம்மாம் பெரிய கரடி. வார்டன் பாத்தாரு. ஒரே தாவு, தண்ணித் தொட்டி மேல ஏறிட்டாரு. ஏறுனவரு பயத்துல என்ன பண்றதுன்னு தெரியாம விசில எடுத்து ஊதுனாரு." பக்கத்து இலைகளில் கை நின்றது. "விசில் ஊதுனா நாங்க என்ன பண்ணுவோம்? எந்திரிச்சோம். நூத்தியிருவது பேரும் தட்டத் தூக்கிட்டு வரிசையில நின்னோம். கரடி முன்னாடி! அது எங்களப் பாக்குது, நாங்க அதப் பாக்குறோம். அவரு மேல இருந்து ஓடுங்கடான்னு கத்துறாரு, ஓடச் சொல்லி எங்களுக்கு விசில் பழக்கம் இல்லயே!" ரங்கனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது, யாரோ தலையில் தட்டினார்கள். "அப்புறம்?" என்று கேட்டது வெள்ளியம்மா. "அப்புறமென்ன, அது நடுவுல வந்து உக்காந்துச்சு. சோத்து அண்டாவ இழுத்து மடியில வெச்சுக்கிச்சு. அவசரமே இல்ல. நக்கி நக்கி, ரசிச்சு, அரைமணி நேரம் தின்னுச்சு. நாங்க வரிசையில நின்னு பாத்துட்டே இருந்தோம்." அப்பா சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டினார். "அந்த ஹாஸ்டல் ஆரம்பிச்சதுல இருந்து முழுசா சாப்பிட்டு எந்திரிச்சது அந்தக் கரடி ஒண்ணுதான்."

பந்தல் சிரித்தது. வெள்ளியம்மா சிரித்து, சிரித்து முடித்து, அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு போய் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. "நூத்தியிருவது புள்ளைங்களும் தட்டோட நின்னுச்சுங்களா," என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். ஐப்பசியில் நாங்கள் ஏழு பேர் இலையோடு நின்றதை அவர் இப்போது மறுபடி பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து, கையை நீட்டி என் இலையில் வைத்தார். எனக்கு நன்றாகவே அழுகை வந்தது, அடக்கவில்லை. அப்பாவோ நிறுத்துவதாக இல்லை. கரடி எப்படிப் போனது, போகும்போது வார்டனின் செருப்பில் ஒன்றை எப்படித் தூக்கிக்கொண்டு போனது, மறுநாள் அவர் எப்படி ஒற்றைச் செருப்போடு விசில் ஊதினார், எல்லாம் வருகிறது. நடுநடுவே ரங்கன் மறுக்கிறார், அப்பா அவரைத் திருத்துகிறார், திருத்துகிற ஆவேசத்தில் சோற்றுக் கையை ஆட்டுகிறார், விரலில் ஒட்டிய பருக்கை காய்ந்துபோய்விட்டது. சுற்றிப் பார்த்தேன். அவர்கள் இலை காலி. எங்கள் ஆட்கள் இலை காலி. பாயசம் குடித்துக் கை உலர்ந்து அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் எழ முடியாது, ஏனென்றால் ஒரு ஆள் இன்னும் ரசத்துக்கே வரவில்லை. அந்த ஆள் என் அப்பா. ரஞ்சிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். "ஏனுங்க," என்று வெள்ளியம்மா என் காதில் சொன்னார், "உங்கப்பா எப்பத்தான் எந்திரிப்பாரு?" வாழ்நாளில் நான் சொல்வேன் என்று நினைக்காத ஒன்றைச் சொன்னேன். "என்ன அவசரம், நிதானமா சாப்பிடட்டும்." முழங்காலைப் பார்த்தேன். வேட்டி நுனியிலிருந்து அது எப்போதோ நகர்ந்துவிட்டிருக்கிறது.

கடைசியில் காத்திருந்து பார்த்துவிட்டு, தேதியைப் பந்தியிலேயே சொல்லிவிட்டார்கள். வைகாசி பதினெட்டு. எல்லோரும் உட்கார்ந்தபடியே கைதட்ட முடியாமல் எச்சில் கையைத் தூக்கிக் காட்டினார்கள். அப்பா தேதியைச் சரியாகக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. அவருக்கு அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள், என் இலையிலும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். அடுத்த வாய்க்குப் போகாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரு வெச்ச ரசம்?" என்றார். பிறகு, "நல்லாருக்கு. உங்கம்மா வெக்கிறது இதவிட நல்லாருக்கும்," என்றார். என்னைப் பார்த்து அல்ல, ரசத்தைப் பார்த்து. என் இலையில் குனிந்து ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கிலேயே வைத்துக்கொண்டேன். புளி இருந்தது, மிளகு இருந்தது, பூண்டு தட்டிப் போட்டிருந்தார்கள். உப்பு ஒரு கல் கூடத்தான்.